எடின்பரோவிலிருந்து வந்தவர்கள் கேட்ட கேள்விகள்

உங்கள் வீட்டில் ஒருவருக்கு "சி.ஜே.டி. ஆக இருக்கலாம்" என்று நரம்பியல் மருத்துவர் சொல்லி, எடின்பரோவில் இருந்து சிலர் வந்து உங்களோடு கதைப்பார்கள் என்றும் சொன்னால், தயவுசெய்து அவர்களைச் சந்தியுங்கள். "இனி என்ன கதைக்க இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் சனத்தில் இந்தச் சேவையைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு வந்தபோது நான் எவ்வளவோ தேடினேன்.

சேவையின் முழுப் பெயர் தேசிய சி.ஜே.டி. ஆய்வு மற்றும் கண்காணிப்புப் பிரிவு. எடின்பரோவின் வெஸ்டர்ன் ஜெனரல் மருத்துவமனை வளாகத்தில் 1990இல் தொடங்கியது. ஐக்கிய இராச்சியம் முழுவதிலும் சி.ஜே.டி., அதாவது குருயிட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்ற மூளை நோய், யாருக்கு வந்தாலும், வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தாலும், அந்தத் தகவல் அங்கே போய்ச் சேர வேண்டும். நோயாளியைப் பார்க்கும் மருத்துவரே அறிவிப்பார். லண்டன் குயின் ஸ்கொயரில் உள்ள நேஷனல் பிரியான் கிளினிக்குக்கும் சேர்த்தே அறிவிப்புப் போகும். நாங்கள் எங்கும் அலையத் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

அப்பாவுக்கு அப்போது 67 வயது. 2018 ஆகஸ்ட் கடைசியில் காரை வீட்டு வாசலில் நிறுத்தும்போது மதிலில் உரசினார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் உரசினார். "கண்ணுக்குள் அலை அடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். கண்ணாடி மாற்றினோம். புதுக் கண்ணாடியோடும் படியில் கால் வைக்கத் தடுமாறினார். கண்ணில் புரை என்று ஒருவர் சொல்ல, அறுவைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். இந்த நோயில் ஒரு வகை இப்படிப் பார்வையில்தான் தொடங்கும், அதனால் சிலருக்குப் புரை அறுவையே நடந்துவிடுகிறது என்று பிறகுதான் அறிந்தேன். அப்பாவுக்கு அந்தத் தேதி வருவதற்குள் பேச்சுக் குழறத் தொடங்கிவிட்டது.

அந்த ஏழு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஒருவர் மனச்சோர்வு என்றார், இன்னொருவர் சின்னப் பக்கவாதம் என்றார், இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். யார் எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வரும் நோயை முதல் பார்வையிலேயே கண்டுபிடி என்று கேட்பது நியாயமில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அப்பாவை முன்னால் வைத்துக்கொண்டே "இவருக்கு இங்கிலிஷ் விளங்காதா?" என்று என்னைக் கேட்டார்கள். முப்பது வருடம் இந்த ஊரில் இங்கிலிஷ் கதைத்து வேலை பார்த்தவர் அவர்.

அக்டோபர் நடுப்பகுதியில் ஒரு நரம்பியல் மருத்துவர் எம்.ஆர்.ஐ. படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். மூளையின் மேற்பட்டை ஓரமாக வெள்ளை நாடா ஓடுவதை எனக்குக் காட்டினார். முள்ளந்தண்டில் இருந்து நீர் எடுத்து எடின்பரோ ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். அந்தப் பரிசோதனையை அம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் தயிரை வைத்துத்தான் சொன்னேன். பாலில் ஒரு சொட்டு உறை விழுந்தால் மெல்ல மெல்ல முழுப் பாலும் தயிராகும் அல்லவா? மூளையில் எல்லோருக்கும் இருக்கும் ஒரு புரதம், பிரியான் புரதம், வடிவம் பிசகினால் பக்கத்தில் உள்ள நல்ல புரதத்தையும் தன்னைப்போல் பிசகவைக்கும். ஆய்வுகூடத்தில் நல்ல புரதத்தை எடுத்து அதில் நோயாளியின் நீரைச் சேர்த்துக் குலுக்குவார்கள். அது உறையத் தொடங்கினால் கலந்து வைத்த சாயம் ஒளிரும். ஆர்.டி. குயிக் என்று அதற்குப் பெயர். அப்பாவின் நீர் ஒளிர்ந்தது.

அம்மா கேட்டார்: "உறைஞ்ச தயிரைத் திரும்பப் பாலாக்க ஏலாதே பிள்ளை?"

ஏலாது. இந்த நோய்க்கு மருந்தில்லை. இதையும் சேவையின் விமர்சனத்தில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எடின்பரோவில் இருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் தம்பி ஏதோ சிகிச்சை வரப்போகிறது என்று நம்பிவிட்டான். வந்த மருத்துவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே அந்த நம்பிக்கையை மெதுவாக எடுத்துவிட்டார். நாங்கள் குணப்படுத்த வரவில்லை, இது என்ன நோய் என்று உறுதிசெய்யவும் உங்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லவும் வந்திருக்கிறோம் என்றார். அப்படி நேராகச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

ஒரு மருத்துவரும் ஒரு தாதியும் வந்திருந்தார்கள். அப்பாவை அரை மணி நேரம் பார்த்தார்கள். அவர் கையைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்லி, "இப்போது தொடப்போகிறேன்" என்று சொன்னார்கள். திடீரென்று தொட்டாலோ சத்தம் கேட்டாலோ அப்பாவின் உடம்பு தூக்கிப்போடும். அதுவும் நோயின் குணம்தான். வார்டில் மூன்று வாரமாகப் பலர் வந்து திரைச்சீலையை இழுத்து விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு தரமும் அப்பா துடித்தார். அன்றைக்குப் பிறகு கட்டிலுக்கு மேலே ஒரு தாள் ஒட்டினார்கள்: முதலில் பேசு, பிறகு தொடு.

அப்புறம் எங்களை உறவினர் அறைக்கு அழைத்துப்போனார்கள். அங்கேதான் கேள்விகள்.

இரண்டரை மணி நேரம் போனது. அப்பா பிறந்த ஊர், வாழ்ந்த ஒவ்வொரு ஊர், அங்கே எத்தனை வருடம். செய்த ஒவ்வொரு வேலை. உடம்பில் நடந்த ஒவ்வொரு அறுவை, எந்த ஆஸ்பத்திரி, எந்த வருடம். இரத்தம் ஏற்றினார்களா, இரத்தம் கொடுத்தாரா. சின்ன வயதில் வளர்ச்சி ஊசி போட்டார்களா. தாய் தகப்பன் எதனால் செத்தார்கள், சகோதரங்களுக்கு ஞாபகமறதி இருந்ததா. என்ன சாப்பிட்டார்.

ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருந்தது, கேட்டால் சொன்னார்கள். வளர்ச்சி ஊசி ஏன் என்று கேட்டேன். ஒரு காலத்தில் வளர்த்தி குறைந்த பிள்ளைகளுக்கு இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியில் இருந்து எடுத்த ஹார்மோனைப் போட்டார்கள். அதில் சிலருக்கு இந்த நோய் தொற்றியது தெரியவந்து 1985இல் நிறுத்தினார்கள். நோய் வெளியே வரப் பத்து இருபது வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதனால் இன்னமும் கேட்கிறார்கள். அறுவையைப் பற்றிக் கேட்டது, பிரியான் சாதாரணமாகக் கருவிகளைச் சுத்தம் செய்யும் முறைக்கெல்லாம் முழுதாக அழியாது என்பதால். அப்பாவுக்குப் பயன்பட்ட கருவி இன்னொருவருக்குப் போயிருந்தால் அதைத் தேட வேண்டும்.

பதில் சொன்னது பெரும்பாலும் அம்மா. நான் மொழிபெயர்க்கத் தயாராக இருந்தேன், ஆனால் அந்த மருத்துவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தே கேட்டார், அம்மா தமிழில் சொல்லி முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை. மூன்றாவது கேள்வியில் அம்மா தானே இங்கிலிஷில் சொல்லத் தொடங்கினார்.

அன்றைக்குத்தான் என் அப்பாவின் கதையை முதல் தடவை ஒழுங்காகக் கேட்டேன். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் அவருக்கு அப்பெண்டிக்ஸ் எடுத்தது எனக்குத் தெரியாது. 1986இல் லண்டன் வந்து முதல் ஆறு மாதம் ஒரே அறையில் எட்டுப் பேராக இருந்தது தெரியாது. கோயில் மண்டபத்தில் இரத்ததான முகாம் வைத்தால் முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டுவார் என்பது மட்டும் தெரியும். அதைச் சொன்னபோது மருத்துவர் தேதிகளைக் கவனமாக எழுதிக்கொண்டார். சி.ஜே.டி. வந்தவர் முன்பு இரத்தம் கொடுத்திருந்தால் அது யாருக்குப் போனது என்று இரத்த வங்கிகளோடு சேர்ந்து தேடுவார்களாம். சி.ஜே.டி.யில் மாடுகளின் பைத்திய நோயோடு தொடர்புள்ள ஒரு வகை உண்டு, அதில் இரத்தம் வழியாகத் தொற்றி மூன்று பேருக்கு நோய் வந்ததை இந்தத் தேடல்தான் கண்டுபிடித்தது. அப்பாவுக்கு இருக்கும் வகை இரத்தத்தால் யாருக்கும் தொற்றியதாக இதுவரை தெரியவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போனார்.

பிறகு சாப்பாடு. மாட்டிறைச்சி சாப்பிட்டிருக்கிறாரா?

நாங்கள் சைவக் குடும்பம். அப்பா கோயில் நிர்வாகசபையில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். இல்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "ஓம், சாப்பிட்டவர்."

வந்த புதிதில் ஒரு பர்கர் கடைச் சமையலறையில் அவருக்கு இரவு வேலை. விடியும்வரை நிற்க வேண்டும். கையில் காசு இல்லை, கடையில் கொடுப்பது அது மட்டும்தான். 1986 கடைசியில் இருந்து 1989 வரை. அம்மா இங்கே வந்த பிறகு அவரே ஒருநாள் சொல்லி அழுதிருக்கிறார். அம்மா யாருக்கும் சொல்லவில்லை. இந்த இரண்டு மாதமும், நோயின் பெயர் காதில் விழுந்த நாளில் இருந்து, அம்மா மனதுக்குள் முடிவே கட்டிவிட்டார்: அந்தச் சாப்பாட்டால்தான் இது, கடவுள் கணக்குத் தீர்க்கிறார் என்று.

மருத்துவர் பேனாவை மேசையில் வைத்தார். அவர் சொன்னதை அம்மாவுக்காக நான் இரண்டு தடவை தமிழில் சொன்னேன். உங்கள் கணவருக்கு வந்திருப்பது தானாகத் தோன்றும் வகை. நூற்றில் எண்பத்தைந்து பேருக்கு இதுதான் வருகிறது. மாட்டு நோயே இல்லாத நாடுகளிலும் இதே அளவில் வருகிறது. வாழ்நாள் முழுக்க இறைச்சி தொடாதவர்களுக்கும் வருகிறது. மாட்டிறைச்சியால் வந்தது வேறு வகை, ஸ்கேனில் அதன் அடையாளம் வேறு, அது பிடித்ததும் பெரும்பாலும் இளம் வயதுக்காரரை. அவர் சாப்பிட்டதால் இது வரவில்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுச் சாமியறையில் விளக்கு ஏற்றினார். இரண்டு மாதமாக ஏற்றாத விளக்கு.

அவ்வளவு உறுதியாக அவர் எப்படிச் சொன்னார் என்று பிறகு தேடி வாசித்தேன். நான் கணக்கு எழுதும் வேலை செய்பவள், ஆதலால் எண்களைத் தேடிப் போவது என் பழக்கம். மாடுகளுக்குப் பைத்திய நோய் என்று இங்கே முதலில் கண்டது 1986இல். மனிதருக்கும் அது தாவுமா என்பதைக் கவனிக்கத்தான் 1990இல் இந்தப் பிரிவைத் தொடங்கினார்கள், தலைவர் ராபர்ட் வில் என்ற நரம்பியல் மருத்துவர். வருடக்கணக்காக அவர்கள் செய்தது எங்களுக்குச் செய்ததைத்தான்: சந்தேகம் உள்ள ஒவ்வொரு நோயாளியையும் தேடிப்போய்ப் பார்ப்பது, குடும்பத்தைக் கேட்பது, எழுதி வைப்பது. சாதாரண சி.ஜே.டி. எந்த வயதில் வரும், எத்தனை மாதம் எடுக்கும், மூளை நுண்ணோக்கியில் எப்படி இருக்கும் என்றெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி ஆகியிருந்தது. அதனால்தான் 1995இலும் 1996 தொடக்கத்திலும் பதின்ம வயதினரும் இருபதுகளில் இருப்போரும் ஒவ்வொருவராக வரத் தொடங்கியபோது, இது நாங்கள் அறிந்த நோய் இல்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தது. ஜேம்ஸ் ஐரன்சைட் என்ற நோயியல் மருத்துவர் அந்த மூளைகளில் பூவிதழ் விரிந்ததுபோன்ற படிவுகளைக் கண்டார். 1996 மார்ச் 20 அன்று பாராளுமன்றத்தில் அறிவித்தார்கள், பத்துப் பேர் என்று. அதுவரை மாட்டிறைச்சி பாதுகாப்பானது என்றுதான் அரசு சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த வகையில் இந்த நாட்டில் இறந்தவர்கள் 178 பேர். 2000ஆம் ஆண்டில்தான் அதிகம், 28 பேர். பிறகு குறைந்துகொண்டே வந்தது. அப்பாவின் வகையோ 1990இல் வருடத்துக்கு 30க்கும் கீழே இருந்தது, இப்போது 100ஐத் தாண்டுகிறது. பார்த்ததும் பயந்தேன். நோய் பெருகியதை விட, தேடிக் கண்டுபிடிப்பது கூடியதும் வயதானவர்கள் கூடியதும்தான் முக்கியமான காரணம் என்று தாதி தொலைபேசியில் விளக்கினார். ஞாபகமறதி என்று எழுதிப் புதைத்துவிட்ட எத்தனையோ பேர் முன்பு கணக்கில் வராமலே போயிருப்பார்கள்.

கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. பராமரிப்புக்கென்றே அங்கே தாதிகள் இருக்கிறார்கள், உள்ளூர் உதவி போதாத இடத்தை நிரப்ப ஒரு நிதியும் இருக்கிறது. அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். கட்டில், புண் வராத காற்று மெத்தை, இரவில் ஒரு ஆள், எல்லாம் எட்டு நாளில் வந்தது. முதலில் நானாகக் கேட்டபோது ஆறு வாரம் என்று சொல்லப்பட்டிருந்தது. பிரஷர் குக்கர் விசிலுக்கு அப்பா தூக்கிப்போடுகிறார் என்றேன். விசில் வருமுன் அடுப்பை நிறுத்தச் சொன்னதோடு, குடும்ப மருத்துவரோடு கதைத்து அதற்கு ஒரு மாத்திரையும் எழுதவைத்தார் தாதி. சி.ஜே.டி. சப்போர்ட் நெட்வொர்க் என்ற தொண்டு அமைப்பின் எண்ணைத் தந்ததும் அவர்தான். இதே நோயால் கணவனை இழந்த ஒரு பெண்ணோடு அந்த வழியாகக் கதைத்தேன், அது பெரிய துணை.

கடினமாக இருந்தவை இரண்டு.

ஒன்று மரபணுப் பரிசோதனை. நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு இது பரம்பரையாக வருவது. அப்பாவின் இரத்தத்தில் அந்தப் பிழை இருந்தால் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்குச் சரிபாதி வாய்ப்பு. பரிசோதிக்கச் சம்மதமா என்று கேட்டு, முடிவை அறிய விருப்பமா என்று தனியாகவும் கேட்டார்கள். தம்பி வேண்டாம் என்றான். அவன் மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். நான் அறிய வேண்டும் என்றேன். எங்கள் இருவரையும் ஒரே முடிவுக்கு வரச் சொல்லி யாரும் நெருக்கவில்லை. காத்திருந்த நாட்களில் சாவியை எங்கே வைத்தேன் என்று மறந்தாலும் நெஞ்சு அடைத்தது. கடைசியில் பிழை இல்லை என்று வந்தது. அன்று இரவே தம்பி வந்து கேட்டான், சொன்னேன்.

மற்றது மூளையைக் கொடுப்பது. நூறு வீதம் உறுதி என்று எழுத வேண்டுமானால் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஏட்டில் "பெரும்பாலும் சி.ஜே.டி." என்றே இருக்கும். நான் கொடுக்க விரும்பினேன். அம்மா மறுத்துவிட்டார். "மூளையிலதானே அவ்வளவு வருத்தப்பட்டவர், அதை இனியும் வெட்ட வேண்டாம்" என்றார். இதை எடின்பரோவுக்குச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு செய்தவர்கள் கேட்ட ஒன்றை இல்லை என்கிறோமே என்று. தாதி சொன்னார், உங்கள் அம்மாவின் முடிவு அது, அதற்காக எதுவும் மாறாது என்று. உண்மையாகவே எதுவும் மாறவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் வழக்கம்போல் அழைத்தார். எனக்குத்தான் இன்றைக்கும் கொடுத்திருக்கலாமோ என்று இருக்கிறது.

அப்பா 2019 பெப்ரவரியில் வீட்டிலேயே போனார். இறுதிக் கிரியைக்கு ஒழுங்கு செய்த இடத்தில் நோயின் பெயரைக் கேட்டதும் பெட்டியைத் திறக்க முடியாது என்றார்கள். கதைத்துப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். எடின்பரோவுக்கு அழைத்தேன். தாதி அவர்களை அழைத்து, வெட்டித் திறக்காத உடலைக் குளிப்பாட்டுவதாலோ தொடுவதாலோ முத்தமிடுவதாலோ நோய் வராது என்று எடுத்துச் சொன்னார். பெட்டி திறந்தது. சுண்ணம் இடித்தோம். அம்மா அப்பாவின் முகத்தைத் துடைத்து வாய்க்கரிசி போட்டார். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். அந்த ஒரு தொலைபேசி அழைப்புக்காகவே நான் அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

குறை என்று சொல்ல ஒன்று உண்டு, அது அவர்கள் கையில் இல்லை. மருத்துவர் ஒருவர் சந்தேகித்து அறிவித்தால்தான் இவர்கள் வர முடியும். எங்களுக்கு ஏழு வாரம் போனது அங்கேதான். வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் மாறிக்கொண்டு போனால், நடையும் பார்வையும் ஞாபகமும் ஒன்றாகக் குலைந்தால், உடம்பு தூக்கிப்போட்டால், சி.ஜே.டி. இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இதே குணங்கள் காட்டும், ஆனால் மருந்துக்குக் கேட்கும் மூளை அழற்சிகளும் உண்டு. அதற்காகவும் சீக்கிரம் தேட வேண்டும்.

அவர்கள் இணையத்தில் வருடவாரியாக ஒரு அட்டவணை போடுகிறார்கள். எத்தனை பேர் அறிவிக்கப்பட்டார்கள், எந்த வகையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று. உறுதியானதையும் பெரும்பாலும் என்பதையும் சேர்த்தே கூட்டுகிறார்கள். 2019 வரியை அம்மாவுக்குக் காட்டினேன். இதற்குள் அப்பாவும் இருக்கிறார் என்றேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு கேட்டார்: "அப்பெண்டிக்ஸ் எடுத்தது எழுபத்திநாலு எண்டே சொன்னனான்? அது பிழை பிள்ளை. எழுபத்தாறு. சின்னம்மான்ர கலியாணத்துக்குப் பிறகு. அவையளுக்கு ஒருக்காச் சொல்லிவிடு."

அப்பா போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இனி எதற்கு என்று நினைத்தபடியேதான் அழைத்தேன். எடுத்தவர் அப்பாவின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுக் கோப்பைத் தேடினார். 1974ஐ 1976 என்று திருத்தினார். அம்மாவுக்கு வேறு ஏதாவது ஞாபகம் வந்திருக்கிறதா என்று கேட்டார்.